மூச்சு வேகமெடுத்தால் மூளைக்கு இரத்தம் ஏன் குறைகிறது?

பத்துப் பதினைந்து பலூன்களை அவசர அவசரமாக ஊதி முடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாலைந்து பலூன்கள் வரை ஒன்றும் இல்லை. அதன் பிறகு தலை கிறுகிறுக்கிறது, கண் முன்னே பூச்சி பறக்கிறது, உதட்டைச் சுற்றி மதமதவென்று ஆகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே காரணம் சொல்வார்: “காற்றையெல்லாம் பலூனுக்குக் கொடுத்துவிட்டாய், மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை.”

அவர் சொல்வதில் பாதி சரி. மூளைத் திசுவுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அப்போது உண்மையிலேயே குறைந்திருக்கிறது. ஆனால் நுரையீரலில் ஆக்சிஜனுக்குப் பஞ்சம் இல்லை, இரத்தத்திலும் இல்லை. ஆரோக்கியமான ஒருவரின் தமனி இரத்தம் சாதாரணமாக மூச்சு விடும்போதே 97, 98 விழுக்காடு ஆக்சிஜனால் நிறைந்திருக்கும். ஊத ஊத அது குறைவதில்லை. குறைந்தது வேறொன்று: கரியமில வாயு, அதாவது கார்பன் டைஆக்சைடு. ஒவ்வொரு பெருமூச்சும் அதை வெளியே தள்ளியது. அது குறைந்ததும் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கின. ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் தயாராக இருந்தும் மூளைக்குள் போகும் வழி குறுகிவிட்டது. (மூச்சை அழுத்தி ஊதுவதால் மார்புக்குள் ஏறும் அழுத்தத்துக்கும் இந்தத் தலைசுற்றலில் ஒரு பங்கு உண்டு.)

பள்ளிப் பாடத்தில் கரியமில வாயுவுக்கு நாம் கொடுத்த பெயர் ‘கழிவு’. ஆக்சிஜனை உள்ளே இழு, கழிவை வெளியே விடு என்று படித்தோம். அந்தச் சொல் நம்மை நெடுநாள் தவறான திசையில் சிந்திக்க வைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். மூளைக்கு எவ்வளவு இரத்தம் போக வேண்டும் என்பதை நொடிக்கு நொடி தீர்மானிக்கும் கைகளில் மிக வலிய கை இந்த வாயுவுடையது. நரம்பு மண்டலத்துக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கு எப்படிப்பட்டது என்பதைப் பார்க்கும் முன் மூளையின் நிலைமையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையிருப்பு இல்லாத உறுப்பு

வளர்ந்த மனிதரின் மூளை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டையும் அது எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு 100 கிராம் மூளைத் திசுவுக்கும் நிமிடத்துக்குச் சராசரியாக 50 மில்லிலிட்டர் இரத்தம் வருகிறது. மொத்த மூளைக்கும் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

தசைக்குக் கொஞ்சம் சேமிப்பு உண்டு. இரத்தம் தடைபட்டாலும் சிறிது நேரம் சமாளித்துக்கொள்ளும். மூளைக்கு அந்த வசதி இல்லை. இரத்த ஓட்டம் முழுதாக நின்றால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். இது ஒரு பக்கத்து நெருக்கடி.

மறுபக்கத்து நெருக்கடி மண்டையோடு. 1783இல் அலெக்சாண்டர் மன்றோவும் 1824இல் ஜார்ஜ் கெல்லியும் எடுத்துச் சொன்ன விஷயம் இது: மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. அதற்குள் மூளைத் திசு, இரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் மூன்றும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று பெருத்தால் மற்றொன்று ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்க இடமில்லாதபோது உள்ளே அழுத்தம் ஏறும். ஆகவே இரத்தம் குறைந்தாலும் ஆபத்து, அளவுக்கு மீறினாலும் ஆபத்து.

இந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திருகு எங்கே இருக்கிறது? சிறு தமனிகளின் சுவரில். அந்தச் சுவரைச் சுற்றி வளையம் வளையமாக மென்தசைகள் இருக்கின்றன. அவை இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். இதில் ஒரு கணக்கு மட்டும் மனத்தில் இருந்தால் போதும். அழுத்தம் மாறாமல் இருந்தால், குழாய் வழியே பாயும் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. குழாய் 10 விழுக்காடு விரிந்தால் ஓட்டம் 46 விழுக்காடு கூடிவிடும். 16 விழுக்காடு சுருங்கினாலே ஓட்டம் பாதியாகிவிடும். இரத்தக் குழாய் அப்படியே கண்ணாடிக் குழாய் ஆகிவிடாது, என்றாலும் சிறு அசைவு பெரிய விளைவைத் தரும் என்பது உண்மை. அந்தச் சிறு அசைவைச் செய்விப்பது யார் என்பதுதான் கேள்வி.

வாயு எப்படிக் குழாயைத் திறக்கிறது?

1890இல் சார்லஸ் ராயும் சார்லஸ் ஷெரிங்டனும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: மூளை வேலை செய்யும்போது உண்டாகும் வேதிப்பொருள்களே இரத்தக் குழாய்களை விரியச் செய்து, அந்த இடத்துக்குத் தேவையான இரத்தத்தை வரவழைக்கின்றன. அன்று அதை மனிதரிடம் அளந்து பார்க்க வழி இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு சீமோர் கெட்டி, கார்ல் ஷ்மிட் என்ற இருவர் அந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சிறிதளவு சுவாசிக்கச் செய்து, மூளைக்குப் போகும் இரத்தத்திலும் மூளையிலிருந்து திரும்பும் இரத்தத்திலும் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, நடுவில் எவ்வளவு இரத்தம் பாய்ந்தது என்று கணக்கிட்டார்கள். 1948இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், 5 முதல் 7 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தவர்களின் மூளை இரத்த ஓட்டம் முக்கால் பங்கு கூடியது. வேகமாக மூச்சு வாங்கியவர்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இன்று மருத்துவர்கள் மனக்கணக்காக வைத்திருக்கும் அளவு இது. தமனி இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் இயல்பாக 40 மி.மீ. பாதரசம் (இது அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டர் ஏறும்போதும் இறங்கும்போதும் மூளையின் இரத்த ஓட்டம் 3 முதல் 4 விழுக்காடு ஏறி இறங்கும். 80ஐத் தொட்டால் ஓட்டம் ஏறத்தாழ இரு மடங்கு. 20க்கு வந்தால் ஏறத்தாழ பாதி. ஆக்சிஜனின் அழுத்தத்தை எடுத்துக்கொண்டால், அதே அலகில் இயல்பான 95 அல்லது 100இலிருந்து 60 வரை இறங்கினாலும் மூளையின் குழாய்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதற்கும் கீழே 50ஐ நோக்கி இறங்கும்போதுதான் அவை மளமளவென்று விரிகின்றன. ஆக்சிஜன் கடைசி நேர அபாய மணி. கரியமில வாயு எந்நேரமும் கைவைத்திருக்கும் சுக்கான்.

இதன் வேதியியல் அழகானது, கடினமும் இல்லை. மூளையின் இரத்தக் குழாய்களுக்கு உட்புறம் ஒரு கடுமையான காவல் இருக்கிறது. அதை இரத்த மூளைத் தடை என்பார்கள். மின்னூட்டம் கொண்ட அயனிகள் அதைத் தாண்டுவது அரிது. கரியமில வாயுவோ மின்னூட்டம் இல்லாத சிறு மூலக்கூறு. கொழுப்பில் கரைந்து, எந்தக் கதவையும் தட்டாமல் நேரே ஊடுருவிவிடும். உள்ளே சென்றதும் நீரோடு சேர்ந்து கார்போனிக் அமிலமாகிறது. அந்த அமிலம் பிரிந்து ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது. குழாய்ச் சுவரைச் சுற்றியுள்ள திரவம் சற்றே அமிலத்தன்மை அடைகிறது. மென்தசைச் செல்களில் பொட்டாசியம் வழிகள் திறக்கின்றன, உள்ளே வரும் கால்சியம் குறைகிறது, கால்சியம் இல்லாமல் தசை இறுக முடியாது, ஆகவே தளர்கிறது. குழாயின் உள்வரிச் செல்களும் அருகிலுள்ள நரம்புச் செல்களும் விடும் நைட்ரிக் ஆக்சைடு இதற்குத் துணை செய்கிறது. இத்தனையும் சில நொடிகளில் நடந்து முடிகிறது.

வேறு காரணத்தால் இரத்தம் அமிலமாகும்போது என்ன ஆகும் என்று பார்த்தால் இந்தத் தடையின் வேலை நன்றாகப் புரியும். கடும் உடற்பயிற்சியில் லாக்டிக் அமிலம் சேர்கிறது என்று வையுங்கள். இரத்தத்தில் ஹைட்ரஜன் அயனி கூடியிருக்கிறது. ஆனால் அது தடைக்கு வெளியே நிற்கிறது. உள்ளே வர முடியாததால் மூளைக் குழாய்கள் அதை உடனே உணர்வதில்லை. உள்ளே நுழைந்து அமிலமாக மாறும் தந்திரம் கரியமில வாயுவுக்கே உரியது.

மூளைக்கு இதனால் என்ன லாபம்? நரம்புச் செல்கள் அமில காரச் சமநிலை சிறிது பிசகினாலும் தடுமாறுபவை. கரியமில வாயு சேரும்போது இரத்தம் கூடுதலாக வந்தால் அது கழுவிச் செல்லப்படுகிறது. குறையும்போது ஓட்டமும் குறைந்தால், மூளையில் உண்டாகும் வாயு அங்கேயே கொஞ்சம் தங்குகிறது. இரண்டு பக்கமும் சமநிலையை நோக்கியே இழுக்கின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இந்த வரிகளைப் படிக்கும்போது உங்கள் மூளையின் பின்பகுதியில், பார்வைக்குரிய இடத்தில், இரத்த ஓட்டம் கூடியிருக்கிறது. அங்கே செல்கள் கூடுதலாகக் கரியமில வாயுவை உண்டாக்குவதால்தான் இப்படி என்று எண்ணத் தோன்றும். அது முதன்மைக் காரணம் இல்லை. வேலை செய்யும் நரம்புச் செல்களும் அவற்றைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களும் பொட்டாசியம், நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாகிளாண்டின் போன்றவற்றைத் தாமே விட்டு அருகிலுள்ள குழாயைத் திறக்கச் சொல்கின்றன. வாயு சேரும் வரை அவை காத்திருப்பதில்லை. சொல்லப்போனால் அந்த இடத்துக்கு வரும் இரத்தம், கூடுதலாகச் செலவான ஆக்சிஜனை விட அதிகமாகவே வருகிறது. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. கருவியால் படமாகக் காட்ட முடிவது இந்த உபரியால்தான். 1990இல் செய்ஜி ஒகாவா அதற்கு அடித்தளம் போட்டார். ஓரிடத்துக்கு மட்டும் இரத்தத்தைத் திருப்பிவிடுவது செல்களின் வேலை. மூளை முழுவதற்குமான மட்டத்தை ஏற்றி இறக்குவது கரியமில வாயுவின் வேலை.

நரம்புகளின் பங்கு

மூளையே நரம்புகளின் தலைமையகம். தன் இரத்தக் குழாய்களை அது நரம்புகளால் இறுகப் பிடித்து ஆள்கிறது என்று எதிர்பார்ப்போம். மூளையின் அடிப்பக்கத்துப் பெரிய தமனிகளில் நரம்புகள் வலைபோலப் பின்னியும் இருக்கின்றன. கழுத்திலுள்ள நரம்புமுடிச்சிலிருந்து வரும் பரிவு நரம்புகள் (ஆபத்து நேரத்தில் உடலை முடுக்குபவை) நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை விட்டுக் குழாயைச் சுருக்குகின்றன. முகத்துக்குப் பின்புறமுள்ள நரம்புமுடிச்சுகளிலிருந்து வரும் எதிர்ப்பரிவு நரம்புகள் (உடலை அமைதிப்படுத்துபவை) குழாயை விரிக்கின்றன. முகத்தின் உணர்வைச் சுமக்கும் நரம்பின் கிளைகளும் அங்கே உண்டு. ஒற்றைத் தலைவலியில் இவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஆனால் ஓய்வு நிலையில் இந்த நரம்புகளின் நேரடி விளைவு சிறியது. தோலிலோ சிறுகுடலிலோ பரிவு நரம்பு தூண்டப்பட்டால் இரத்த ஓட்டம் சட்டென்று சரியும். மூளையில் அப்படி நடப்பதில்லை. அந்த விளைவு எவ்வளவு என்பதில் உடலியங்கியலாளர்களிடையே பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம் இது: பரிவு நரம்புகள் இங்கே அன்றாட நிர்வாகி இல்லை, வெள்ளக் காவலர். மிகக் கனமான எடையை மூச்சை அடக்கித் தூக்கும் ஒருவரின் இரத்த அழுத்தம் அந்த ஓரிரு நொடிகளில் 300 மி.மீ. பாதரசத்தையும் தாண்டலாம். அந்த அலை அப்படியே மூளையின் நுண்குழாய்களில் மோதினால் அவை கிழியும். பெரிய தமனிகளை இறுக்கி அந்த வேகத்தை உடைப்பதில் பரிவு நரம்புகள் உதவுகின்றன. அழுத்தம் மெல்ல மாறும்போது குழாய்ச் சுவர்கள் தாமாகவே இறுகியும் தளர்ந்தும் சரிசெய்துகொள்கின்றன. திடீர்த் தாக்குதலுக்குத்தான் நரம்பின் துணை வேண்டும்.

நரம்பு மண்டலத்தின் உண்மையான வலிமை மூளைக்கு வெளியே செயல்படுவதில் இருக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்து நிற்கிறீர்கள். அரை லிட்டருக்கு மேல் இரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை உடனே முகுளத்துக்கு, அதாவது மூளை தண்டுவடத்தோடு சேரும் அடிப்பகுதிக்கு, சொல்கின்றன. முகுளம் இதயத்தை விரைவுபடுத்தி, கைகால்களின் குழாய்களையும் வயிற்றுக் குழாய்களையும் இறுக்குகிறது. மூளையின் குழாயைத் தொடாமலே மூளைக்கு இரத்தம் உறுதிப்படுகிறது. இந்த ஏற்பாடு ஒரு கணம் பிந்தினால்தான் எழுந்தவுடன் கண் இருட்டுகிறது.

முகுளத்தின் கையில் இன்னொரு வழியும் இருக்கிறது. அதுதான் மூச்சு.

1905இல் ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜான் பிரீஸ்ட்லியும், ஓய்வில் மூச்சின் அளவைத் தீர்மானிப்பது ஆக்சிஜனின் தேவையை விடக் கரியமில வாயுவின் அளவே என்று காட்டினார்கள். பிற்பாடு முகுளத்தின் முன்புற மேற்பரப்பை ஒட்டி அந்த வாயுவை உணரும் செல்கள் கண்டறியப்பட்டன. அவை உணர்வதும் மேலே சொன்ன அதே ஹைட்ரஜன் அயனியைத்தான். கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் இன்னொரு உணரி, கரோட்டிட் உறுப்பு, குறிப்பாக ஆக்சிஜன் குறைவைக் கவனிக்கிறது. அதை வெளிப்படுத்தியதற்காகக் கார்னேல் ஹேமன்சுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் தகவல்களைக் கொண்டு மூளை மூச்சை அமைக்கிறது, மூச்சு கரியமில வாயுவை அமைக்கிறது, வாயு மூளைக்கான இரத்தத்தை அமைக்கிறது. நரம்பு மண்டலம் தன் இரத்தத்தை ஆள்வதற்கு அதனிடம் உள்ள மிக வலிய கருவி விலா எலும்புகளுக்குள் அசையும் இந்த மூச்சுதான்.

பதற்றம், மருத்துவமனை, நீச்சல் குளம்

பதற்றத்தில் ஒருவர் வேகமாக மூச்சு வாங்கும்போது இந்தச் சங்கிலி எதிர்த் திசையில் இழுக்கப்படுகிறது. அச்சம் மூச்சை முடுக்குகிறது. கரியமில வாயு இறங்குகிறது. மூளையின் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்வதால் அதில் தனித்து மிதக்கும் கால்சியம் குறைந்து, விரல் நுனியிலும் உதட்டிலும் மதமதப்பு வருகிறது. இவற்றைக் கண்டு அவர் இன்னும் அஞ்சுகிறார், இன்னும் வேகமாக மூச்சு வாங்குகிறார். “மூச்சே கிடைக்கவில்லை” என்று அவர் சொல்வது நடிப்பு இல்லை. அவருடைய மூளை உண்மையிலேயே இரத்தக் குறைவை உணர்கிறது. அவரிடம் “நன்றாக மூச்சை இழு” என்று சொல்வது நிலைமையை மோசமாக்கும். மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடச் சொல்வதே பயன் தரும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கத்தை இன்று பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. இதய நோயோ நுரையீரல் நோயோ பதற்றம் போலவே தோன்றலாம். அப்படிப்பட்டவருக்குப் பை ஆக்சிஜனைக் குறைத்துவிடும். முதன்முறையாக வரும் மூச்சிரைப்பை மருத்துவரிடம் காட்டுவதே சரி.

நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளில் சிலருக்குக் காலையில் தலைவலியோடு விழிப்பு வருவது இதன் மறுபக்கம். உறக்கத்தில் மூச்சு ஆழம் குறைந்து கரியமில வாயு தேங்க, குழாய்கள் விரிந்து கிடக்கின்றன.

தலையில் பலத்த அடிபட்டு மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருப்பவருக்கு, சுவாசக் கருவியின் வேகத்தைக் கூட்டினால் குழாய்கள் சுருங்கி, இரத்தம் அடைத்திருக்கும் இடம் குறைந்து, அழுத்தம் தணியும். ஒரு காலத்தில் இதைத் தாராளமாகச் செய்தார்கள். இப்போது மிகவும் தயங்கியே செய்கிறார்கள். ஏற்கெனவே இரத்தத்துக்கு ஏங்கும் மூளையில் குழாய்களை மேலும் சுருக்கினால் பிழைத்திருக்கக்கூடிய திசுவும் பட்டுப்போகும். இன்னொரு காரணமும் உண்டு: சில மணி நேரத்துக்குள் மூளைத் தண்டுவடத் திரவத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டின் அளவு மாறி அமில காரச் சமநிலை பழையபடி திரும்பிவிடுகிறது, கரியமில வாயு குறைவாகவே இருந்தும் குழாய்கள் மறுபடி விரிகின்றன. அந்த நிலையில் கருவியின் வேகத்தைச் சட்டென்று குறைத்தால் அழுத்தம் முன்பை விட அதிகமாக எகிறும்.

நீச்சல் தெரிந்தவர்கள், முக்கியமாகத் தண்ணீருக்கடியில் அதிக தூரம் போய்ப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்கள், இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முங்குவதற்கு முன் வேக வேகமாகப் பலமுறை மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் சேமிப்பு பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் காலியாகிறது. மேலே வந்து மூச்சு விடு என்று உந்துவது அந்த வாயுவே. உந்துதல் வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி உயிரிழக்கிறார்கள். முங்குமுன் அப்படி மூச்சு வாங்கவே கூடாது.

ஒரு விதிவிலக்கு

இதுவரை சொன்னதை யோசித்துப் பார்த்தால் ஒரு முரண் தட்டுப்படும். கரியமில வாயு கூடினால் இரத்தம் கூடும், இரத்தம் கூடினால் வாயு கழுவப்படும். அப்படியென்றால் வாயுவை உணர வேண்டிய முகுளத்துச் செல்களைச் சுற்றியும் அது கழுவப்பட்டுவிடுமே? மூச்சை முடுக்க வேண்டிய செய்தி பாதியில் மங்கிவிடாதா?

ஓரளவுக்கு மங்குகிறது, அது நன்மையும்கூட. இரத்த ஓட்டத்தின் இந்தக் கழுவல் மூச்சின் எதிர்வினையை மட்டுப்படுத்தி, அது அங்குமிங்கும் ஊசலாடாமல் பிடிக்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் சிலருக்கு வாயுவுக்கு மூளைக் குழாய்கள் காட்டும் இந்த எதிர்வினை குறைந்திருக்கும்; அவர்களுடைய உறக்கத்தில் மூச்சு ஏறி ஏறிப் பின் நின்று, மறுபடி ஏறும் அலைபோன்ற ஒழுங்கின்மைக்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் முழுதாக மங்கிவிட்டால் மூச்சே பிசகும். 2017இல் எலிகளை வைத்து வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை காட்டியது. முகுளத்தில் கரியமில வாயுவை உணரும் அந்தச் சிறு பகுதியில் மட்டும், வாயு கூடும்போது நுண்தமனிகள் விரிவதற்குப் பதிலாகச் சுருங்குகின்றன. அங்குள்ள ஆஸ்ட்ரோசைட் செல்கள் ஏ.டி.பி. (செல்களில் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு) வழியே குழாய்களுக்கு எதிர்மாறான கட்டளையைக் கொடுக்கின்றன. மூளையின் மற்ற இடமெல்லாம் வாயுவைக் கழுவித் தள்ளும் அதே நொடியில், அதை அளக்க வேண்டிய இடம் மட்டும் தன் குழாயை இறுக்கி, செய்தி கரைந்துபோகாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது.